மூன்று வரிக்குப் பிறகு

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகச் சபையில் வாய் திறந்த பெண் நான்தான் என்று வெகு காலம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். அதற்குக் காரணம் ஒரு ஜப்பான் பாட்டு.

அதை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் என் சின்ன மாமா. மலாயாவில், மெர்லிமாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவர் ஆபீஸ் கிராணி, கணக்கெழுதுகிறவர். கப்பலேறி ஊருக்குப் போன வெள்ளைக்காரத் துரைசாணி விட்டுச்சென்ற புத்தகங்களில் ஒன்று அவர் கைக்கு வந்தது. ஜப்பான்காரர்களின் கவிதைகள், இங்கிலீஷில். இன்று பிள்ளைகள் ஹைக்கூ என்று எழுதுகிறார்களே, அதுதான். பக்கத்துக்கு ஒரு பாட்டு, பாட்டுக்கு மூன்று வரி, மிச்சமெல்லாம் வெள்ளைத் தாள். மலாக்கா டவுனில் பல் பிடுங்கும் ஒருவரைத் தவிர வேறு ஜப்பான்காரரை நாங்கள் அறியோம்.

சாயங்காலங்களில் மாமா இங்கிலீஷில் வாசித்துத் தமிழிலும் சொல்வார். சொன்னதும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். முதலில் பேசுகிறவர் தோற்றவர். இது மாமா போட்ட சட்டம். தோற்பது எப்போதும் அம்மாதான்.

“மடக்கிய குடை. அதன் மடிப்புக்குள் இன்னும் நேற்றைய மழை” என்று முடித்து மாமா கண்ணை மூடிக்கொள்வார்.

“அப்புறம்?” என்பாள் அம்மா.

“அவ்வளவுதான்க்கா.”

“நனைஞ்ச குடைய யாராச்சும் மடக்கி வைப்பாங்களா? பூத்துப் போயிரும்லா. விரிச்சுக் காயப்போடச் சொல்லு அந்த ஆள.”

நானும் மாமாவும் விழுந்து விழுந்து சிரிப்போம். எனக்கு ஒன்பது வயது. டவுனில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்ததால், மாமாவுக்கு அடுத்தபடி அந்த வீட்டில் நான்தான் மேதை என்று நினைப்பு.

இப்படி வாயாடும் அம்மா, பெரியப்பா படியேறினால் ஊமையாகிவிடுவாள். அவர் அப்பாவின் அண்ணன், தோட்டத்துப் பெரிய கங்காணி. புருஷனின் அண்ணன் முன்னால் பெண்கள் பேசுவது எங்களிடம் வழக்கமில்லை. கதவுக்குப் பின்னால் நின்று, “காப்பி வேணுமான்னு பெரியப்பாவக் கேளு” என்று அவர் காதில் விழும்படி என்னிடம் சொல்வாள். “கொஞ்சமா போதும்னு சொல்லு” என்று அவரும் என்னிடமே சொல்வார். நடுவில் நான் தபால்காரி. அந்த உத்தியோகத்தில் எனக்கு ஏகப்பட்ட மிடுக்கு.

பொம்பளைப் பிள்ளைக்கு இங்கிலீஷ் எதற்கு என்பது பெரியப்பாவின் ஓயாத பல்லவி. பள்ளியில் ஆண்டு விழா வந்தது. ஆளுக்கொரு இங்கிலீஷ் பாட்டு மேடையில் ஒப்பிக்க வேண்டும்.

“நானே வந்து பாக்குறேன். ஒழுங்கா சொன்னா படிக்கட்டும். இல்லாட்டி தோட்டத்துப் பள்ளிக்கூடமே போதும்” என்றார் பெரியப்பா. அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு அறியாத அப்பா தலையாட்டினார்.

நான் எடுத்துக்கொண்டது குடைப் பாட்டு. டீச்சர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், நான் மசியவில்லை. மாமாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அம்மாதான் அடிக்கடி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

விழாவன்று மற்றப் பெண்கள் கப்பல், போர், ராஜா என்று மூச்சு வாங்க ஒப்பித்துவிட்டு இறங்கினார்கள். நான் போய் மூன்று வரியையும் ஒரு சொல் பிசகாமல் சொன்னேன். பிறகு வீட்டு வழக்கப்படி வாயை இறுக மூடிக்கொண்டு நின்றேன். மண்டபம் மிச்சப் பாட்டுக்குக் காத்திருந்தது. ஓரத்திலிருந்து டீச்சர் இறங்கி வரும்படி கையை ஆட்டினார். நான் அசையவில்லை. எனக்குத் துளியும் பயமில்லை. இவ்வளவு பேர் என்னோடு சேர்ந்து சும்மா இருக்கிறார்களே என்று பூரிப்பாக இருந்தது.

எங்கள் வீட்டார் எல்லோரும் உட்கார்ந்திருந்த பின்வரிசையில் பெரியப்பா எழுந்தார். “மறந்துட்டா. எந்திரிடா, போவோம்” என்று அப்பாவிடம் சொன்னது மேடைவரை கேட்டது.

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“உக்காருங்க. பாட்டு இன்னும் முடியல.”

பெரியப்பா உட்கார்ந்தார். அதற்குப் பிறகும் நான் கொஞ்ச நேரம் நின்றேன். முன்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். உடனே மண்டபமே தட்டியது. மலாக்காவையே ஜெயித்துவிட்டதுபோல் இறங்கி வந்தேன்.

திரும்பும் பஸ்ஸில் பெரியப்பா முன் சீட்டில் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். மாமா அக்காவையே புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரே ஒரு குறைதான்.

“அம்மா, இன்னிக்கும் நீதான் மொதல்ல பேசின. தோத்துட்ட.”

“ஆமாலா, தோத்துட்டேன்” என்று சிரித்தாள் அம்மா. என் கையை அவள் இறுகப் பற்றிக்கொண்டிருந்தாள். பஸ் குலுங்குகிறதே, அதற்காக என்று நினைத்துக்கொண்டேன்.

என் படிப்பை நிறுத்தும் பேச்சைப் பெரியப்பா பிறகு எடுக்கவே இல்லை. எல்லாம் என் இங்கிலீஷின் மகிமை என்று நம்பினேன்.

அடுத்த முறை அவர் வந்தபோது, தபாலைச் சுமக்க வழக்கம்போல் வாசலுக்கும் கதவுக்கும் நடுவில் போய் நின்றேன். அம்மா கதவுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றாள்.

“காப்பி குடிக்கிறீங்களா?”

பெரியப்பா என்னைப் பார்த்துவிட்டு அம்மா பக்கம் திரும்பினார். பிறகு, “கொஞ்சமா குடும்மா” என்றார்.

என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. என் உத்தியோகம் போய்விட்டது என்று அன்று முழுக்க அம்மாவோடு நான் பேசவே இல்லை.