ஞானம்மாளின் சொந்தக்காரர்கள்

சேலையூரில் இருக்கும் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் பெயர் 'பசுமைத் தோட்டம்'. தோட்டம் எல்லாம் கிடையாது. அது சங்கச் செயலாளர் சிவகுமாரின் அப்பா நெல் போட்ட நிலம். பில்டருக்குக் கொடுத்து, ஃபிளாட்டுகளாகத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அதனால் யார் அங்கே வாழத் தகுந்தவர் என்பதைச் சிவகுமார்தான் தீர்மானிப்பார்.

இரண்டாம் மாடியில் ஞானம்மாள் இருந்தார். தாம்பரம் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்து ஓய்வுபெற்றவர். கணவர் சவுரிமுத்து இறந்துவிட்டார். மகள் ஜெனி புனேவில் சாஃப்ட்வேர் எழுதினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் தென்படுவாள். அவளுடைய அறை சும்மா கிடந்தது. ஞானம்மாள் அதை ஒரு மொபைல் ஆப்பில் நாள் வாடகைக்குப் போட்டார்.

கோவளத்தில் குளிக்க வருகிறவர்கள் அதைச் சீண்டவில்லை. வந்தவர்கள் எல்லாம் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள். அசாம், ஒடிசா என்று எங்கெங்கிருந்தோ. அவர்களுக்கு ரசம் வைத்துக் கொடுத்தார். அவர்களோடு பேச இந்தி கற்றுக்கொண்டார். அது இந்திதான் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. ஆனாலும் வீட்டில் பேச்சுச் சத்தம் இருந்தது. அவருக்கு வேண்டியதும் அதுதான்.

சங்கம் கூடியது. அந்நியர்களால் பாதுகாப்பு கெடுகிறது, லிஃப்ட் தேய்கிறது என்று கண்டுபிடித்தார்கள். இனி இரவு தங்குகிறவர் சொந்தக்காரராக இருக்க வேண்டும், வீட்டு உரிமையாளரும் உடன் இருக்க வேண்டும் என்று விதி போட்டார்கள்.

அன்றிலிருந்து ஞானம்மாளுக்குச் சொந்தம் பெருகியது. கட்டாக்கிலிருந்து சின்ன மாமனார் வந்தார். சில்சாரிலிருந்து நாத்தனார் பெண் வந்தாள். சிவகுமார் ஒருநாள் கேட்டிலேயே மறித்தார்.

"இவங்க எந்த வழியில சொந்தம் மேடம்?"

"எங்க வீட்டுக்காரர் வழி சார். அவரைத்தான் கேக்கணும்."

அதற்கு மேல் சிவகுமார் துருவவில்லை. துருவினால் யாராவது சாதி விட்டு, மதம் விட்டுக் கட்டிக்கொண்ட கதை வெளியே வரும். நாகரிகமான குடும்பங்கள் அதைக் கேட்பதில்லை. அவர் வீட்டிலும் அப்படி ஒரு கதை உண்டு.

கடைசியாக வந்தவள் குவாஹாட்டி ரீனா. அவள் கணவனுக்குத் தொண்டையில் புற்றுநோய். கதிர்வீச்சு பாதியில் இருந்தது. அப்போதுதான் ஞானம்மாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். சிவகுமாருக்கு விதியின் இரண்டாம் பாதி நினைவுக்கு வந்தது.

வாட்ச்மேன் சம்பத் போன் செய்தார்.

"யம்மா, நீ வூட்ல இல்லன்னு அந்தப் பொண்ண நாளிக்கே காலி பண்ண சொல்ட்டாரு செகரட்டரி. அது அழுதுகினு கீது."

டாக்டர் வீட்டுக்குப் போக அனுமதிக்கவில்லை. புனேவிலிருந்து ஜெனி போனில் கத்தினாள். தான் வீட்டில் இருந்தால்தான் ரீனா இருக்க முடியும் என்று நிதானமாகச் சொல்லிவிட்டு, ஞானம்மாள் ஆட்டோ பிடித்தார்.

விதிப்படி உரிமையாளர் வீட்டில் இருந்தார். வியாழக்கிழமை விடியும்வரை இருந்தார்.

சங்கம் மாலை வைத்தது. வாட்ஸ்அப்பில் கைகூப்பிய படங்கள் வரிசையாக வந்தன. கல்லறையிலிருந்து திரும்பியதும் சிவகுமார், புனேவிலிருந்து வந்திருந்த ஜெனியிடம் மிகுந்த வருத்தத்தோடு கேட்டார்.

"அந்த குவாஹாட்டிக்காரங்க எப்பம்மா கெளம்புவாங்க?"

"துக்க வீடு சார். முப்பதாம் நாள் பூசை வரைக்கும் சொந்தக்காரங்க இருப்பாங்க. அது எங்க வழக்கம்."

"ஓனர் வீட்ல இருக்கணுமேம்மா..."

"இப்ப ஓனர் நான்தான். இருக்கேன்."

வழக்கத்தை மறுத்துப் பேசினால் ஊர் என்ன சொல்லும் என்று சிவகுமாருக்குத் தெரியும். தலையாட்டிவிட்டு லிஃப்டில் இறங்கினார்.

ஜெனி மேலதிகாரிக்கு மின்னஞ்சல் எழுதினாள்: வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி வேண்டும், காரணம் குடியிருப்பு விதி. பிறகு அம்மாவின் கட்டிலில் மடிக்கணினியைத் திறந்தாள். ரீனாவும் கணவனும் காலையில் சிகிச்சைக்குப் போய் மத்தியானம் திரும்புவார்கள்.

அந்தச் சிகிச்சை முடியும்வரை ஜெனி படி இறங்கவில்லை.