பொற்கொடி உடைத்த பூட்டுகள்

எங்கள் ஏரிக்கரை நகரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பஞ்சாயத்து ஆபீசில் கேட்டால் ஓர் எண் சொல்வார்கள். அதை நம்பிப் புளியோதரை கிண்டினால் பாதிப் பேர் பட்டினிதான். சரியான எண் வேண்டுமென்றால் பொற்கொடியைக் கேட்க வேண்டும். பஞ்சாயத்தில் தண்ணீர் திறந்துவிடும் வேலை அவளுக்கு. நீளமான இரும்பு வால்வுச் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு சந்து சந்தாக வருவாள். எந்த வீட்டில் தண்ணீர் போதவில்லை என்று சண்டை கிளம்புகிறதோ, அந்த வீட்டில் புதிதாக ஆள் சேர்ந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

பென்னாகரம் பக்கத்துக்காரி. நாற்பத்தாறு வயது. கணவரோடு கம்பெனி வேலை தேடி வந்தாள். கம்பெனி கணவரை மட்டும் எடுத்துக்கொண்டது. பேச்சில் ஒளிவுமறைவு கிடையாது. எனக்கு அவளைப் பிடிக்காமல் போனதற்கு அது ஒன்றே போதுமாக இருந்தது. நான் மாதவன், வண்டிக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி பிரிவு. தலைமுடியில் பாதி அளவு பிசகு இருந்தாலும் பொருளைத் திருப்பி அனுப்புகிறவன். என் சொந்த வீட்டு மாடியில் எத்தனை பேர் என்பது மட்டும் எனக்குத் தெரியாது. அந்தக் கதைக்கு வருகிறேன்.

ஒசூரில் மத்திகிரியைத் தாண்டி இருக்கிறது எங்கள் நகர். மேற்கே ஏரிக்கரை, கிழக்கே ரயில் பாதை, நடுவில் நாங்கள். வெளியே போக ஒரே வழி, ரயில் பாதைக்கு அடியில் போகும் கீழ்ப்பாலம். ஒரு மினி லாரி நுழைந்தால் எதிரே வரும் சைக்கிள்கூட நின்றுதான் போக வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன்பு ஏரி நிரம்பி, உபரி நீர் போகும் கோடி வழியாக வழிந்தது. எல்லோரையும் வெளியேறச் சொன்னார்கள். அன்றைக்கு நகரில் நூற்று நாற்பது கதவுகள். வீடு என்று பொற்கொடி சொல்ல மாட்டாள், கதவு என்றுதான் சொல்வாள். கடைசி வண்டி பாலத்தைத் தாண்ட ஐம்பது நிமிடம் ஆனதைச் செல்போனில் பார்த்து வைத்திருந்தாள். ஏரி வழியத் தொடங்கி ஒன்றேகால் மணி நேரத்தில் பாலத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றதையும் பார்த்து வைத்திருந்தாள். அடுத்த கிராம சபையில் எழுந்து நின்றாள்.

"இருநூறு கதவுக்கு மேல போனா கடைசியா வர்றவன் தண்ணியிலதாங்க நிப்பான். ரெண்டாவது ரோடு போடற வரைக்கும் புதுசா கட்ட விடாதீங்க."

மனை விற்கும் ராமப்பன் சிரித்தார். "ஏம்மா, இது ஒசூரு. பக்கத்துல கடலா இருக்கு, புயல் வந்து அடிக்க?"

கூட்டமே சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகப் பேசியவன் நான். "தண்ணி விடறவங்க தண்ணி விட்டா போதும்" என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன். என் மொட்டை மாடியில் அப்போது தூண் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. செல்போன் கம்பெனிகளுக்கு வேலைக்கு வரும் பெண்பிள்ளைகள் தங்க இடமில்லாமல் அலைந்தார்கள் என்பதும் நிஜம். இரண்டே மாதத்தில் தகரக் கூரை போட்டு நான்கு அறை கட்டினேன். நான் கட்டியதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் கட்டினார். மூன்று வருடத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு கதவுகள் ஆகிவிட்டன.

இந்த வாடகை அறைகளில் ஒரு பழக்கம் உண்டு. ஷிப்ட் வேலைக்காரர்கள் ஒரே அறையில் மாறி மாறித் தூங்குவார்கள். நைட் ஷிப்ட் முடித்து வந்தவள் படுத்ததும், பகல் வேலைக்குப் போகிறவள் கதவை வெளியே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். பூட்டைப் பார்த்தால் கீரைக்காரர் தட்ட மாட்டார், கேஸ்காரர் தட்ட மாட்டார், வீட்டுக்காரனும் தட்ட மாட்டான். தூங்குகிறவள் நிம்மதியாகத் தூங்கலாம்.

போன கார்த்திகையில் புயல் கடலோரத்தில்தான் கரை ஏறியது. ஆனால் மழை எங்களைத் தேடி வந்தது, மூன்று நாள் விடவில்லை. நான்காம் நாள் காலை பத்தரை மணிக்கு ஏரி வழிய ஆரம்பித்தது. பொற்கொடி வால்வுச் சாவியால் கேட்டுகளை டங் டங்கென்று அடித்துக்கொண்டு வந்தாள். ஆள் கிளம்பிய கதவில் சாக்பீஸால் ஒரு கோடு. பூட்டிய கதவில் ஒரு சுழி.

"பூட்டியிருந்தா நிக்காதீங்க, அடுத்த வீட்டுக்குப் போங்க!" என்று கூட வந்தவர்களுக்குக் கத்தினாள். அது அவள் போட்ட சட்டம். நேரம் மிச்சமாகும் என்று போட்டது.

என் வீட்டு வாசலில் நின்று, "மாடியில யாருங்கண்ணா?" என்றாள்.

"யாருமில்ல. எல்லாம் டூட்டிக்குப் போயிருச்சுங்க, பூட்டியிருக்கு" என்றேன். மாடிப்படி ஏறிப் பார்க்கவில்லை. என் மனைவி பீரோவிலிருந்து பத்திரங்களை எடுத்துக்கொண்டிருந்தாள், எனக்கு அதுதான் அவசரம்.

கீழ்ப்பாலத்தில் வண்டிகள் மூட்டை கட்டியதுபோல் அடைத்து நின்றன. யாரோ பிரிட்ஜும் கட்டிலும் ஏற்றி ஓட்டி வந்த மினி லாரி நடுவில் நின்றுபோயிருந்தது. தண்ணீர் கணுக்காலில் இருந்து முழங்காலுக்கு வந்தது. குழந்தைகளைத் தோளில் வைத்துக்கொண்டு கத்தினோம், ஒருவரை ஒருவர் திட்டினோம். பொற்கொடி சொன்ன அந்தக் கடைசி ஆள் நான்தானோ என்று பயந்து செத்தேன். நான் தாண்டும்போது இடுப்பளவு. எனக்குப் பின்னால் வந்தவர்கள் கைகோத்துக்கொண்டு கழுத்தளவில் வந்தார்கள்.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த கல்யாண மண்டபத்தில் எல்லோரும் கூடினோம். பொற்கொடி தலை எண்ணிக்கொண்டிருந்தாள். அப்போது ஆட்டோவில் வந்து இறங்கினாள் சுப்ரியா. என் மாடியில் குடியிருப்பவள். கம்பெனியில் செய்தி கேட்டு ஓடி வந்திருக்கிறாள். கூட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு என்னிடம் வந்தாள்.

"அண்ணா, பார்வதி எங்க?"

"டூட்டிக்கு..."

"அவ நைட் ஷிப்ட்டுண்ணா! தூங்கிட்டிருந்தா. நான்தான் பூட்டிட்டு வந்தேன்." கையை விரித்தாள். உள்ளங்கையில் சாவி இருந்தது. "போன் பண்ணா சுவிட்ச் ஆஃப்னு வருது."

பொற்கொடி சுப்ரியாவின் கையையே பார்த்தாள். பிறகு தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டாள்.

"நாப்பத்தியோரு பூட்டு. நாப்பத்தியோரு கதவுல சுழி போட்டனே."

சுப்ரியாவிடம் சாவியை வாங்கிக்கொண்டு நடந்தாள். பாலம் முழுகிவிட்டது. ரயில் பாதை மேட்டில் வேலி, சறுக்கும் கருங்கல் சரிவு. பஞ்சர் கடை மன்சூர் கம்பி வெட்டும் கட்டரோடு பின்னால் ஓடினான். "அக்கா, நில்லுங்க, வேலிய நான் வெட்றேன்."

நான் போகவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் இதுவரை சொன்னதில் அர்த்தமில்லை.

ஒரு மணி நேரம் ஆனது. மேலும் பத்து நிமிடம் ஆனது. சுப்ரியா மண்டபத்துப் படியில் உட்கார்ந்து அழுதாள்.

மழைக்குள் மேட்டின்மேல் முதலில் தெரிந்தது வால்வுச் சாவிதான். அதை ஊன்றிக்கொண்டு பொற்கொடி வந்தாள். அவளுக்குப் பின்னால் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஒன்பது பேர். கடைசியில் மன்சூர். நாற்பத்தொரு பூட்டில் ஒன்றுக்குத்தான் சாவி. மற்ற நாற்பதையும் இருவரும் உடைத்திருக்கிறார்கள். ஆறு அறைகளில் ஆள் இருந்திருக்கிறார்கள். தகரத்தில் விழுந்த மழைச் சத்தத்தில் அவர்களுக்குக் கேட்டின் சத்தம் கேட்கவில்லை. விழித்தவர்கள் கதவைத் தட்டியது எங்களுக்குக் கேட்கவில்லை. கீழ்வீடுகளில் கட்டில் மட்டத்துக்குத் தண்ணீர் ஏறியிருந்ததாம்.

பார்வதி என்னைப் பார்க்காமல் சுப்ரியாவிடம் போனாள். பொற்கொடி என் எதிரில் வந்து நின்றாள். உள்ளங்கை இரண்டும் கிழிந்து ரத்தம்.

"உங்க மாடியில மொத்தம் எத்தன பேருங்கண்ணா?"

"எட்டு" என்றேன்.

"பதினொண்ணு" என்றாள் பார்வதி, திரும்பாமலே.

பொற்கொடி என்னைத் திட்டவில்லை. "பூட்டுன வீட்ட விட்ருங்கன்னு நாந்தான் சொன்னேன். தப்பு எம்மேலயும் இருக்குது" என்றாள். திட்டியிருந்தால் நான் கொஞ்சம் ஆறியிருப்பேன்.

தண்ணீர் வடிந்த மறுவாரமே வீட்டுக்காரர்கள் நான்கு பேர் பூட்டு உடைந்ததற்குப் பஞ்சாயத்தில் புகார் கொடுத்தார்கள். நம் ஆட்களின் துணிச்சலுக்கு அளவே இல்லை.

தை மாதக் கிராம சபைக்கு ராமப்பன் புதிய மனு கொண்டுவந்தார். ஏரி ஓரமாக இன்னும் தொண்ணூறு மனை. பொற்கொடி எழுவதற்கு முன்னால் நான் எழுந்தேன். "ரோடு வர்ற வரைக்கும் வேணாங்க" என்றேன்.

"மாடி கட்டி முடிச்சவரு பேசறாரு! மொதல்ல உங்க மாடிய இறக்குங்க, நானும் நிறுத்திக்கறேன்" என்றார் ராமப்பன்.

கூட்டம் சிரித்தது, மூன்று வருடத்துக்கு முன்பு பொற்கொடியைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு. நான் அவளைப் பார்த்தேன். அவள் உதவிக்கு வரவில்லை. அவளும் என் பதிலுக்குத்தான் காத்திருந்தாள். பின்வரிசையில் பார்வதி நின்றிருந்தாள்.

"இறக்க முடியாதுங்க" என்றேன். "பதினோரு பேரு இருக்காங்க, அவங்கள எங்க அனுப்புவேன்? குடிவெச்சப்பறம் இறக்க முடியாதுங்க. அதனாலதான் இனிமே ஏத்தாதீங்கன்னு சொல்றேன்."

கை தூக்கச் சொன்னார்கள். வேண்டாம் என்று தூக்கியவர்கள் பத்தொன்பது பேர். போதவில்லை.

மறுநாள் காலை ஏரி ஓரத்தில் மனைக் கற்களை நட்டுக்கொண்டிருந்தார்கள். பொற்கொடி தண்ணீர் திறந்துவிட வந்தாள். இப்போதெல்லாம் ஒவ்வொரு கேட்டிலும் நின்று அதே கேள்வியைக் கேட்கிறாள். கையில் தழும்பு இன்னும் இருந்தது.

"அண்ணா, மாடியில இப்ப யாரு தூங்கறாங்க?"

"பார்வதி, ஃபிசா, சுமலதா. வெளிப்பூட்டு இல்லம்மா, உள்தாழ்ப்பாள்தான்" என்றேன்.

தலையசைத்துவிட்டு அடுத்த கதவுக்குப் போனாள். நான் படியேறி, மூன்று பேரும் இருக்கிறார்களா என்று செருப்புகளை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் டூட்டிக்குக் கிளம்பினேன்.