பின் சீட்டுக்கு நெய்த பட்டு

எங்கள் வீட்டுக்குக் கார் வாங்கியபோது நைனா எஞ்சினைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் பிள்ளையார்பாளையத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். தரகர் இரண்டு பழைய வண்டிகளைத் தெருவில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு டயர், பேட்டரி என்று மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தார். தெருவில் பாதிப் பேர் பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தார்கள். நைனா நேராகப் பின் கதவைத் திறந்து அம்மாவைக் கூப்பிட்டார்.

"படு."

"இன்னாது?"

"சீட்ல படும்மா. காலை நீட்டிக்கினு படு."

நடுத்தெருவில், அத்தனை பேர் பார்க்க, காருக்குள் போய்ப் படுக்கச் சொன்னால் எந்தப் பெண்பிள்ளைக்குத்தான் கோபம் வராது? ஆனால் அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்ப் படுத்தாள். எதற்காகப் படுக்கச் சொல்கிறார் என்று அவளுக்கும் எனக்கும் தெரியும்.

அக்காவைச் சேலத்தில் கொடுத்திருந்தது. இரண்டு முறை உண்டாகி இரண்டு முறையும் தங்கவில்லை. இரண்டாம் முறை அவள் பஸ்ஸில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வந்த வாரமே கலைந்துவிட்டது. பஸ்தான் காரணம் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. நைனா சொன்னார். அதற்குப் பிறகு பஸ் ஸ்டாண்டு பக்கம் போனாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். இப்போது மூன்றாவது முறை, ஏழாம் மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. வளைகாப்பு முடிந்ததும் பிரசவத்துக்கு இங்கே அழைத்து வர வேண்டும். குலுங்காமல், படுத்துக்கொண்டே, மெதுவாக வருவதானால் வரலாம் என்று அங்கிருந்த லேடி டாக்டர் சொல்லியிருந்தார். ரயிலில் அரக்கோணத்தில் மாறி ஏற வேண்டும், படி இருக்கிறது, கூட்டம் இருக்கிறது என்று நைனா அதையும் தள்ளிவிட்டார். எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் தெருவில் கார் வைத்திருந்தவர் யாரும் இல்லை. நாலைந்து தறி போட்டு நெய்விக்கும் வீட்டுக்குக் கார் எதற்கு என்று உறவுக்காரர்கள் முணுமுணுத்தார்கள். நைனா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அக்காவும் அம்மாவும் ஒரே உயரம். அளவுக்கு அம்மா என்று ஆனது அதனால்தான். சின்ன வண்டியில் அம்மா படுத்தபோது முழங்கால் வரைதான் உள்ளே இருந்தது, மிச்சம் தெருவுக்கு வந்துவிட்டது. தரகர் பதறிப்போய், "கொஞ்சம் மடக்கிக்கினா சரியாப் பூடும்மா" என்றார். "உம் பொண்ண மடக்கிக்கினு இட்டா" என்று நைனா அவரைப் பார்த்துச் சொன்ன சொல்லோடு சின்ன வண்டியின் கதை முடிந்தது. பெரிய வண்டியின் பின் சீட்டு எங்கள் கூடத்து ஊஞ்சலைவிட நீளம். அம்மா முழுதாகப் படுத்தாள். நைனா எஞ்சின் ஓடுமா என்றுகூடக் கேட்காமல், "இதான்" என்றார். டாக்ஸி ஓட்டும் பக்கத்து வீட்டு அண்ணன்தான் எங்களுக்காக அதை ஓட்டிப் பார்த்து, பரவாயில்லை என்றார்.

ஒரே குறை, சீட்டு கிழிந்திருந்தது. ரெக்ஸின் வெடித்து, உள்ளே இருந்த தேங்காய் நார் தலைநீட்டி, ஓரிடத்தில் ஸ்பிரிங் குத்தியது. மெத்தை தைக்கும் பாய் வந்து பார்த்தார். ஸ்பிரிங்கை அமுக்கிக் கட்டி, மேலே இலவம்பஞ்சு திணித்துக் காடாத் துணியில் தைத்துவிடலாம் என்றார். அதோடு விட்டிருக்கலாம்.

"காடாத் துணி மேலயா எம்பொண்ணு வருவா?" என்றார் நைனா.

அவர் தறியில் உட்கார்ந்து பல வருடம் ஆகியிருந்தது. மற்றவர்கள் நெய்வதை மேற்பார்வை பார்த்துக் குறை சொல்வதே அவர் தொழிலாக இருந்தது. அந்த மாதம் அவரே தறியில் இறங்கினார். இலைப்பச்சை உடல், அரக்கு பார்டர், இரண்டு பக்கமும் சரிகை. காலையில் அந்தத் தறிச் சத்தத்தில்தான் நான் எழுந்திருப்பேன். பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்த புதிது எனக்கு. எனக்கு வாய் வேறு அதிகம். "நைனா, காருக்குக் கல்யாணமா?" என்று கேட்டேன். "உனக்கு ஆவறப்ப இதே மாதிரி ஒண்ணு நெய்றேன், போ" என்றார்.

பாய் ரசித்து ரசித்துத் தைத்துக் கொடுத்தார். முன்சீட்டு, பின்சீட்டு எல்லாம் பட்டு, விளிம்பில் சரிகை. தெருவே வந்து தடவிப் பார்த்தது. அம்மா நாலு மூலையிலும் மஞ்சள் குங்குமம் வைத்தாள், கறை படும் என்று யாரையும் அதில் உட்கார விடவில்லை. பட்டுக்குப் பேர் போன ஊர், தெரு முழுக்க நெய்கிறவர்கள். அவர்களில் ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. காரணம் இப்போது புரிகிறது. நாங்கள் பட்டைக் கட்டிக்கொண்டு உட்காருவோம். பட்டின் மேல் ஒருவரும் உட்கார்ந்ததில்லை.

விடிந்ததும் கிளம்பினோம். டிரைவர் அண்ணனும் நைனாவும் முன்னால். நானும் அம்மாவும் பின்னால், சீர்வரிசைத் தட்டுகள், வளையல் பெட்டி, முறுக்கு டின்னோடு. சம்பந்தி வீட்டுக்குப் போகிறோம், நாங்களோ காஞ்சிபுரத்துக்காரர்கள். அம்மா பட்டுப்புடவை, நான் பட்டுப்புடவை, நைனா பட்டு வேட்டி. செய்யாறு தாண்டி ஒரு மாட்டுவண்டி குறுக்கே வந்தது. அண்ணன் பிரேக் போட்டார். பெரிய பிரேக்கூட இல்லை. என் பக்கத்தில் இருந்த அம்மாவைக் காணோம். கீழே, இரண்டு சீட்டுக்கும் நடுவில், முறுக்கு டின்னைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அம்மாவும் சிரித்தாள். ஏறி உட்கார்ந்தாள். அடுத்த பிரேக்கில் நான் போனேன். பட்டின் மேல் பட்டு, நிற்க மாட்டேன் என்றது. வளைவு வந்தால் ஜன்னலிலிருந்து ஜன்னலுக்குப் போனோம். முன்சீட்டில் நைனா அண்ணன் மேல் போய் விழுந்துகொண்டே இருந்தார். கியர் ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும் வண்டி அது, முன்சீட்டும் நடுவில் இடைவெளி இல்லாத ஒரே நீளச் சீட்டு.

"பெரியப்பா, கொஞ்சம் தள்ளிக் குந்துங்க, கியர் போடணும்."

"நீ ஒழுங்கா ஓட்டுபா. வண்டிய ஏன் இப்படி ஆட்டினு போற?"

அண்ணன் பாவம், மெதுவாகத்தான் ஓட்டினார். ஆரணி வரை சிரித்தோம். போளூர் வரும்போது சரிகை என் முதுகில் குத்திக் குத்தி எரிந்தது, எரிச்சலில் நைனாவைக் கிண்டல் செய்தேன். அம்மா என்னோடு சேர்ந்து சிரிக்கவில்லை. திருவண்ணாமலை தாண்டியதும் முன்சீட்டின் முதுகை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையைக் காலியாக இருந்த சீட்டின் மேல் வைத்துக்கொண்டு வந்தாள். அந்த இடத்தில் யாரைப் படுக்கவைத்து யோசிக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. என் சிரிப்பும் போய்விட்டது. செங்கம் அருகே ஒரு நாய் குறுக்கே ஓடியது. பிரேக். அம்மா பிடித்திருந்த பிடியும் நழுவி, கதவில் போய் இடுப்பை இடித்துக்கொண்டாள்.

"இதுல எம்பொண்ண ஏத்த மாட்டேன்," என்றாள். குரல் உயரவில்லை. "ரெண்டு தடவ பறிகுடுத்தது போதுங்க. அவ அங்கயே பெத்துக்கட்டும்."

நைனா சேலம் வரும்வரை ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பிறந்த வீட்டுக்கு வர வேண்டும் என்று அக்கா போட்ட கடிதங்களெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

சம்பந்தி வீட்டு வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். முகம் ஊதி, கண் உள்ளே போய், வயிறு மட்டும் நிறைந்து இருந்தாள். படியிறங்கி வந்து காருக்குள் எட்டிப் பார்த்தாள். "நைனா நெய்ததா?" என்று தடவினாள். "எனக்கா?" என்றாள். அவள் கண் கலங்கிவிட்டது. அம்மா சீர்வரிசைத் தட்டுகளை இறக்க ஆரம்பித்தாள்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் இருந்தபோது நைனாவைக் காணோம் என்று தேடிப் போனேன். வாசலில், காரின் பின் கதவு திறந்திருந்தது. உள்ளே குனிந்து உட்கார்ந்துகொண்டு, பிளேடால் தையல் பிரித்துக்கொண்டிருந்தார். ஒரு இழை கீழே விழுந்தால் தறிக்காரர்களை அந்தப் பாடு படுத்துகிற மனிதர். பட்டை உருவியெடுத்து, சுருட்டி, டிக்கியில் போட்டார். "உங்கம்மாவ வரச் சொல்லு" என்றார்.

அம்மா வந்து பார்த்தாள். காடாத் துணி மெத்தை மட்டும் மொட்டையாகக் கிடந்தது. அவள் உள்ளே போய்ச் சம்பந்தியம்மாவிடம் ஏதோ சொன்னாள். அந்த அம்மாள் ஒரு பருத்தி ஜமக்காளத்தையும், துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிப்போன நூல் புடவைகளையும் தூக்கிக்கொண்டு வந்தார். ஜமக்காளத்தை விரித்து, சீட்டுக்கு அடியில் இறுக்கிச் செருகி, மேலே புடவைகளை மடித்துப் போட்டார்கள்.

"இப்ப நீ படு," என்றார் நைனா என்னிடம். "நீயும் அந்தப் பட்ட அவுத்துட்டு வா."

நூல் புடவைக்கு மாறி வந்து படுத்தேன். அண்ணன் தெருக்கோடி வரை ஓட்டினார். நைனா முன்சீட்டில் திரும்பி மண்டியிட்டு, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போடுபா பிரேக்கு."

நான் நகரவில்லை.

"இன்னும் வேகமா போய்ப் போடு."

நகரவில்லை. அந்தத் தெருவை எத்தனை முறை சுற்றினோமோ தெரியாது; சேலத்துக்காரர்கள் எங்களைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். கடைசியில் நைனா சீட்டில் சரியாகத் திரும்பி உட்கார்ந்து, பெரிதாக ஒரு மூச்சு விட்டார். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. வாசலில் நின்றிருந்த அம்மா என் முகத்தைப் பார்த்தாள், போதும் என்று உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் வளைகாப்பு. அதற்கடுத்த நாள் காலையில் கிளம்பினோம். கிளம்பும்போது அம்மா கட்டியிருந்தது சம்பந்தியம்மாவின் நூல் புடவை. பட்டு நெய்கிற வீட்டுப் பெண்பிள்ளை சம்பந்தி வீட்டிலிருந்து, அதுவும் வளைகாப்பு முடிந்து, இரவல் நூல் புடவையில் கிளம்புவது எங்கள் பக்கத்தில் நடக்கிற காரியமில்லை. அம்மா அதைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்துதான் நடந்தாள். நைனா, மாப்பிள்ளையின் நாலு முழ வேட்டியில்.

அம்மா மடியில் அக்காவின் தலை. அக்காவின் கால் என் மடியில். அண்ணன் தேர் இழுக்கிற வேகத்தில் ஓட்டினார். சைக்கிள்காரர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். ஊத்தங்கரைக்குள் அக்கா குறட்டை விட ஆரம்பித்தாள். ஸ்பிரிங் குத்தவில்லை, சரிகை குத்தவில்லை, பிரேக் போட்டால் ஜமக்காளம் அவளைப் பிடித்துக்கொண்டது. நைனா அடிக்கொரு தரம் திரும்பிப் பார்த்து, "தூங்கறாளா?" என்று கேட்டார். குறட்டை அவருக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

செங்கம் தாண்டி அக்கா விழித்தாள். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். பிறகு வயிற்றின் மேல் கையை வைத்தாள்.

"அம்மா, காலைலேர்ந்து அசையவே இல்லம்மா."

அண்ணன் யாரும் சொல்லாமலே வண்டியைப் புளியமரத்தடியில் நிறுத்தினார். நைனா இறங்கினார். அக்காவின் பாதம் என் மடியில் இருந்தது, அது சில்லிட்டிருந்ததா என் கை சில்லிட்டிருந்ததா தெரியவில்லை. சாலையோரத்துக் கடையிலிருந்து நைனா கோலி சோடா வாங்கிவந்து ஜன்னல் வழியாக நீட்டினார். அக்கா குடித்தாள். ஒன்றுமில்லை. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அம்மா அக்காவின் இரண்டு கையையும் பிடித்தாள். முழங்கை வரை வளையல். வயிற்றுக்கு அருகே கொண்டுபோய்க் குலுக்கினாள். உள்ளே இருக்கிற பிள்ளைக்கு வளையல் சத்தம் கேட்கும் என்றுதான் வளைகாப்பே செய்வது. "எழுந்துரு கண்ணு," என்றாள் அம்மா வயிற்றைப் பார்த்து. "வெயில் வந்துட்டுது பாரு. தூங்கிக்கினே வருவியா நீயும்?" மறுபடி குலுக்கினாள். மறுபடி.

அக்கா "ஐயோ" என்றாள். என் உயிர் போய்விட்டது. பார்த்தால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். என் கையை இழுத்து விலாவுக்குக் கீழே வைத்துக்கொண்டாள். ஒரு உதை. எனக்குக் கை வலித்தது என்றே சொல்வேன்.

"அவளுக்கும் சீட்டு சொகமா இருந்திருக்குதுபா," என்றார் அண்ணன். "தூங்கிட்டிருக்கா."

நைனா புளியமரத்தின் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வெகுநேரம் துடைத்தார். அப்புறம் கடைக்காரரைக் கூப்பிட்டு எங்களுக்கெல்லாம் சோடா கொடுக்கச் சொன்னார். அந்த மாதிரி ருசியான சோடா நான் அதற்குப் பிறகு குடித்ததில்லை.

அண்ணன் சொன்னபடியே பெண்தான் பிறந்தது. குறையில்லாமல், குரலுக்கும் குறைவில்லாமல். ஜமக்காளமும் புடவைகளும் வெளுத்து மடித்துச் சேலத்துக்குப் போய்விட்டன. கார் சீட்டுக்குப் பாய் புது ரெக்ஸின் போட்டுவிட்டார். டிக்கியில் கிடந்த பட்டு அம்மாவின் பெட்டிக்குப் போனது. குழந்தை ஓடியாடும் வயதுக்கு வந்து, அக்கா பொங்கலுக்கு வந்திருந்தபோது, அம்மா அதை வெட்டி அவளுக்குப் பட்டுப்பாவாடை தைத்தாள். பார்டர் ஓரமாக, பாய் போட்ட ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன.

அந்தப் பாவாடையோடு வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் புறப்பட்டோம். நைனா பின்சீட்டில், பக்கத்தில் பேத்தி. தெரு முனையில் ஒரு ஆடு வந்தது. அண்ணன் பிரேக் போட்டார். பச்சைப் பட்டு சர்ரென்று போய்க் கீழே உட்கார்ந்தது.

எல்லோருக்கும் ஒரு கணம் திக்கென்றது. கீழேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அவள் தானே ஏறி, பாவாடையைப் பரத்திக்கொண்டு சீட்டின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"தாத்தா, இன்னொரு வாட்டி!"

நைனா கையைக் குறுக்கே அணையாக நீட்டிக்கொண்டு, முன்னால் சாய்ந்து அண்ணனின் தோளைத் தட்டினார்.

"போடுபா பிரேக்கு," என்றார்.