பெடலுக்குள் இருந்த தோல்

அத்தாவின் பழைய அம்பாசடரின் பிரேக் பெடலைக் கழற்றிய மெக்கானிக் சிரித்துவிட்டார். "அக்கா, புஷ் வளையம் இருக்க வேண்டிய எடத்துல தோலைச் சுருட்டி வச்சிருக்காங்க."

கிரீஸில் ஊறிய தோலின் வாடை மூக்கில் ஏறியது. எங்கள் வீடே அப்படித்தான் நாறும். என்னைப் பெற்ற அத்தாவுக்குத் தோல் வியாபாரம். குழாய் ஒழுகினாலும் தோல், கட்டில் ஆடினாலும் தோல். பெடல் ஆடியபோது கிடங்கிலிருந்து ஆட்டுத்தோல் துண்டை வெட்டிவந்து செருகினார்.

"இம்புட்டுத் தோலை வச்சிக்கிட்டு எவனாவது காசு குடுத்து புஷ் வாங்குவானா?" என்றார்.

மழையில் தோல் ஊதிவிட்டது. ரெட்டியார்சத்திரம் அருகே பெடல் இறங்காமல் வண்டி புளியமரத்தில் மோதியது. பின்சீட்டில் நான் சிராய்ப்போடு தப்பினேன். முன்னால் இருந்த அம்மாவுக்கு வலது கால் அன்றோடு போயிற்று.

"நீ கத்துனதுலதான் எனக்குப் பதறிருச்சு" என்று அத்தா அவளையே ஏசினார். பிறகு, பெடலில் எல்லாம் மாற்றிவிட்டதாகச் சத்தியம் செய்தார். அதை நம்பி, அவர் மௌத்தாகிக் கண்மூடும்வரை அம்மா அந்த வண்டியில் ஏறினாள்.

பட்டறை நாற்காலியில் இருந்த அம்மா தோலை வாங்கி விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"அன்னைக்கு வச்சது ஆட்டுத்தோலு. இது மாட்டுத்தோலு" என்றாள். "மாத்தத்தான் செஞ்சிருக்காரு."