என் கிதாரில் வந்த வீணை

ராக் வாசிக்கிறவன் என்று சொல்லிக்கொண்டு நான் திரிந்த காலத்தில் டாகுமெண்டரியில் தலைகாட்டியது ஒரே ஒரு தடவை. அதை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அறுபதுகளின் கடைசி. குற்றாலத்தில் சீசன் நேரம். லாட்ஜில் தங்குகிறவர்களுக்காக நாங்கள் நாலு பேர் சாயங்காலங்களில் வாசிப்போம். நான் எலெக்ட்ரிக் கிதார். அச்சன்புதூரில் எங்கள் வீட்டுக்குள் மட்டும் அதைத் தொடக் கூடாது. அப்பா போட்ட சட்டம். வயல், போலீஸ் இரண்டையும் விட்டால் வேறு பிழைப்பு இருப்பதாகவே அவர் ஒப்புக்கொண்டதில்லை. நான் வாசித்து அவர் ஒரு நாளும் கேட்டதும் இல்லை. பொங்கலுக்குள் கிதாரைத் தலைமுழுகிவிட்டு, அண்ணன்களைப் போல நானும் போலீஸ் ஆளெடுப்புக்குப் போக வேண்டும் என்று கெடு வைத்திருந்தார்.

அப்போதுதான் சீசன் கச்சேரிகளைப் படம் எடுக்க மெட்ராஸிலிருந்து ஒரு கோஷ்டி வந்தது. சாரலில் ஒயர் நனைந்து ஷாக் அடிக்கிறது என்றேன்.

"கழட்டிட்டுச் சும்மா வாசிங்க தம்பி. சத்தத்தை மெட்ராஸ்ல சேத்துக்குவோம்" என்றார் டைரக்டர்.

என்ன சத்தத்தைச் சேர்ப்பீர்கள் என்று கேட்க எனக்குப் புத்தி இல்லை. கேமரா ஓடுகிற பூரிப்பில் தலையைச் சிலுப்பிச் சிலுப்பி வாசித்தேன். மடையன்.

கார்த்திகையில் அது தென்காசி தியேட்டருக்கு வந்தது. மெயின் படத்துக்கு முன்னால் ஓட்டுகிற டாகுமெண்டரியை எங்கள் பக்கத்தில் எவனும் மதிக்க மாட்டான். அது முடிகிறவரை வெளியே பீடியும் முறுக்குமாக நிற்பார்கள். அப்பாவைக் கெஞ்சிக் கூத்தாடி முதலிலேயே உள்ளே உட்காரவைத்தேன். திரையில் என்னைப் பார்த்தால் மனசு இளகாதா?

அருவி வந்தது, கோயில் வந்தது, நான் வந்தேன். பேய் பிடித்தவன் மாதிரி ஆடிக்கொண்டு தந்தியை அறைகிறேன். கேட்டது வீணை! மெட்ராஸில் யாரோ உருகி உருகி வாசித்த வீணை. நாற்காலிக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது. திரும்பிப் பார்த்தால் அப்பா துண்டால் கண்ணைத் துடைக்கிறார்.

இடைவேளையில் அவரே டீ வாங்கிக் கொடுத்தார். "ஏலே, இவ்வளவு சுகமா வாசிக்கவன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கக் கூடாதா? நீ ஒண்ணும் போலீசுக்குப் போவாண்டாம்."

உண்மையைச் சொல்ல வேண்டிய இடம் அதுதான். கிதார் தப்பித்ததே என்று டீயைக் குடித்தேன்.

மறுநாள் காலை அவர் வயலுக்குப் போகவில்லை. "அங்கன வாசிச்சத இங்கன வாசி லே" என்று எதிரே உட்கார்ந்துவிட்டார். தப்ப வழியில்லை. எனக்குத் தெரிந்ததிலேயே மெதுவான ஒன்றை எடுத்தேன். அவ்வளவு கவனமாக அதற்கு முன்னும் பின்னும் நான் வாசித்ததில்லை. கடைசிவரை அசையாமல் கேட்டார்.

"இதுவும் நல்லாத்தாம்லே இருக்கு. அப்போ நேத்து வாசிச்சது யாரு?"

"தெரியாதுப்பா."

அப்பா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "இதையே முதல்ல வாசிச்சுக் காட்டியிருந்தா நானே விட்டிருப்பேன். என்னைப் பொய்யில அழ வச்சுட்டியே" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பொங்கலுக்கு முன்னால் பாளையங்கோட்டையில் ஆளெடுப்பு. வேண்டுமென்றே மெதுவாக ஓடினேன். அப்படியும் எடுத்துக்கொண்டார்கள்.