டயர் ஊழியம்

ஊரடங்கு நாளில் கடையெல்லாம் மூடிக்கிடக்க, சுந்தர்சிங் கைப்பேசியில் வீடியோ பார்த்துத் தன் பைக்கின் பின் டயரைத் தானே மாற்றினார். தாம்பரத்தில் பள்ளிக்கூட கிளார்க், கீழ்க்கட்டளையில் சொந்த வீடு, ஐம்பத்தாறு வயது. அதோடு நிறுத்தித் தொலைத்திருக்கலாம். பாஸ்டர் வண்டிக்கும் மாற்றிக்கொடுத்தார்.

அந்த ஞாயிறே பாஸ்டர் மைக்கைப் பிடித்து, "நம்ம சுந்தர்சிங் பிரதருக்கு ஆண்டவர் டயர் ஊழியம் கொடுத்திருக்காரு" என்றார். சபையே கைதட்டியது. மனுஷன் அன்றைக்கு மாட்டினவர்தான். வேலை என்றால் முடியாது என்று சொல்லலாம். ஊழியத்தை எப்படி மறுப்பது?

சனிக்கிழமை காலை கேட் திறக்கும் சத்தம் கேட்டாலே அவர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டவேண்டியதுதான். சக்கரத்தைக் கழற்றி, காற்றை இறக்கி, இன்னொரு வண்டியின் சைடு ஸ்டாண்டால் டயர் ஓரத்தை அமுக்கி ரிம்மை விட்டுப் பிரிக்கவேண்டும். பிறகு சோப்புத் தண்ணீர் தடவி, இரண்டு இரும்பு லிவரைப் போட்டு நெம்பவேண்டும். முழங்கால் விட்டுப்போகும். ஒன்று முடிவதற்குள் அடுத்த வண்டி வாசலில் நிற்கும். மனைவி யூனிஸ் வந்தவர்களுக்குக் காபி கொடுத்து, இன்னும் நாலு பேரையும் வரச்சொல்வாள். அவளுக்கு அத்தனை பெருமை.

கேளம்பாக்கத்தில் மகள் அபிகாயில் ஏழு மாதக் கர்ப்பம். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை, வீட்டில் தனியாக இருக்கிறாள். "இந்த சனிக்கிழமையாவது வருவீங்களாப்பா?" என்று மூன்று வாரமாகக் கேட்டாள். மூன்று வாரமும் டயர்தான். ஞாயிறு ஆராதனையிலும் ஜெபக்கூட்டத்திலும் போய்விடும்.

நாலாவது வாரம் வெள்ளிக்கிழமை, லிவர் இரண்டையும் பள்ளிக்கரணையில் ஒரு பழைய இரும்புக் கடையில் போட்டார்.

"இன்னா சார், நல்லாத்தான கீது?" என்றார் கடைக்காரர்.

"உடைஞ்சுபோச்சுன்னு வெச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுக் காசுகூட வாங்காமல் வந்துவிட்டார்.

மறுநாள் டயரோடு வந்த சபைக்காரர் ஜெஃப்ரியிடமும் அதையே சொல்லி அனுப்பிவிட்டு, நேரே மகள் வீட்டுக்குப் போனார். அவள் வைத்த மீன் குழம்பைப் பிசைந்தார்.

"இன்னைக்கு எப்படிப்பா விட்டாங்க?"

பெற்ற பெண்ணிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஊழியம் கசந்துபோச்சு என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "லிவர் உடைஞ்சுபோச்சும்மா" என்றார். அவள் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிற நிம்மதியில் கண் கலங்கிவிட்டது. அபிகாயில் அதைப் பார்த்துவிட்டு இன்னொரு துண்டு மீனை வைத்தாள்.

எட்டு நாள் கழித்து, ஞாயிறு ஆராதனைக்கு அவளும் வந்தாள். பாஸ்டர் சுந்தர்சிங்கை முன்னால் கூப்பிட்டார். மேடையில் பளபளவென்று ஒரு இரும்புப் பெட்டி. புது லிவர்கள், ஸ்டாண்ட், டயரைப் பிரிக்கிற கருவி, எல்லாம் இருந்தன.

"லிவர் உடைஞ்சதுக்குப் பிரதர் கண்ணீர் விட்டாராம். மக சொன்னாங்க. சபையா சேர்ந்து வாங்கிட்டோம்" என்றார் பாஸ்டர். பிறகு அவர் தலையில் கைவைத்து, இவர் ஜீவனுள்ள நாளெல்லாம் இந்த ஊழியத்தைச் செய்யக் கிருபை தாரும் என்று ஜெபித்தார். எல்லோரும் ஆமென் என்றார்கள். அவரும் சொன்னார்.

கீழே இறங்கியதும் அபிகாயில் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "இனிமே சனிக்கிழமை வான்னு உங்களைத் தொந்தரவு பண்ணமாட்டேம்பா. உங்களுக்கு எதுல சந்தோஷம்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு."

சுந்தர்சிங் வாயைத் திறந்தார். அதற்குள் அவள் எட்டு மாத வயிற்றோடு அந்தப் பெட்டியைத் தூக்கக் குனிந்துவிட்டாள். பதறிப்போய் வாங்கி, அவரே தூக்கிக்கொண்டார்.