அங்காலை ஆக்களுக்கு ஓடிய மருந்து

என் மனைவியின் சிறுநீரகத்தைக் கெடுத்தது நீங்கள்தான், டொக்டர். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

போர்நிறுத்தத்தில் வன்னிக்கான பாதை திறந்திருந்த காலம். அக்கராயனில் வயல் செய்துகொண்டிருந்தோம். மனைவிக்கு நெற்றியிலும் ஒரு கண்ணைச் சுற்றியும் அக்கி கொப்புளித்தது. கண் போய்விடும் என்று பயந்து வவுனியாவில் உங்கள் கிளினிக்குக்குக் கொண்டுவந்தேன்.

வாசலில் நின்ற நேர்ஸ் என்ன வருத்தம் என்று கேட்கவில்லை. “அங்காலையோ, இங்காலையோ?” என்றுதான் கேட்டார். ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்டிப் போகவேண்டியவர்கள் அங்காலை ஆக்கள். பின்னேரம் அதைப் பூட்டினால் எங்களுக்கு இரவு தெருவில்தான். அதனால் எங்களை முன்னே விடுவார்கள். சேலைனையும் வேகமாக ஏற்றுவார்கள். அதைப் புண்ணியம் என்றே எல்லோரும் சொன்னோம்.

வைரசுக்கான மருந்தைச் சேலைனில் கலந்து கட்டினீர்கள். அது சொட்டுச் சொட்டாக இறங்கியது. நீங்கள் மணிக்கூட்டைப் பார்த்தீர்கள்.

“பிள்ளை, இவை அங்காலை ஆக்கள். திறந்து விடும்.”

நேர்ஸ் மருந்தின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கக் குழாயில் இருந்த சின்னச் சில்லை உருட்டினார். மருந்து ஓடியது.

“கை எரியுது, டொக்டர்,” என்றாள் மனைவி.

“கண் வேணுமோ, கை வேணுமோ?” என்று சிரித்தீர்கள். “பஸ் போனாப் பிறகு என்னைப் பேசக்கூடாது.”

மிச்ச நாளுக்கு விழுங்கக் குளிசை தந்து அனுப்பினீர்கள். நாங்கள் ஓமந்தைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாயவே இல்லை; சாவடி பூட்ட இன்னும் நிறைய நேரம் கிடந்தது. அது அன்றே எனக்கு உறுத்தியது.

அடுத்த நாள் அவளுக்கு விலாவில் குத்து, சாப்பிட்டதெல்லாம் சத்தி. சிறுநீர் போகவில்லை. கிளிநொச்சியில் பார்த்த டொக்டர், எவ்வளவு நேரத்தில் ஏற்றினார்கள் என்று இரண்டு தரம் கேட்டார்.

“அதை ஆறுதலா, சொட்டுச் சொட்டா ஏத்தவேணும், தண்ணியும் நிறையக் குடுக்கவேணும். ஓடவிட்டா சிறுநீரகத்துக்குள்ள உப்புக்கல்லு மாதிரிப் படிஞ்சு அடைச்சுப்போடும்.”

உங்களிடம் திரும்பி வந்து கேட்டேன்.

“உங்கட கிணத்துத் தண்ணிதான் காரணம். வன்னியில ஆருக்குத்தான் கிட்னி வருத்தம் இல்லை?” என்றீர்கள். அதே கிணற்றில்தான் நானும் குடிக்கிறேன். எனக்கு ஒன்றுமில்லை. பின்னால் நின்ற அதே நேர்ஸ் நிலத்தைப் பார்த்தார். அடுத்த முறை போனபோது அவர் அங்கே வேலையில் இல்லை.

கண் தப்பியது. சிறுநீரகம் பழையபடி திரும்பவில்லை. கால் வீங்கி, நாற்று நட இறங்க முடியாமல் வரம்பில் இருக்கிறாள்.

உங்கள் கிளினிக் வாங்கில் உட்கார்ந்து காத்திருக்கும் சனத்துக்கு முன்னால் வந்து நின்று சொல்லுங்கள், டொக்டர். அந்தச் சில்லைத் திறக்கச் சொன்னது எங்கள் பஸ்ஸுக்காகவா, உங்கள் அவசரத்துக்காகவா? அந்த மருந்தை இன்னும் யார் யாருக்கு அப்படி ஓடவிட்டீர்கள்?